கையால் தொப்பி செய்து விற்க நினைப்பவருக்கு: அளவெடுப்பதிலிருந்து விலை வைப்பது வரை

தொப்பித் தொழிலில் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது பூவும் இறகும் ரிப்பனும்தான். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நெற்றியை அழுத்தும் தொப்பியையும் காற்றடித்தால் பறக்கும் தொப்பியையும் எந்த அலங்காரமும் காப்பாற்றாது. தொப்பி தலையில் சரியாக உட்கார வேண்டும், கோலாலம்பூர் ஈரக்காற்றில் வடிவம் கலையாமல் நிற்க வேண்டும். இந்த இரண்டும் கைவந்துவிட்டால் மற்றவை பழக்கத்தில் வந்துவிடும்.

எதைச் செய்யத் தொடங்குவது

ஐரோப்பியப் பாடங்கள் எல்லாம் ஃபெல்ட்டில், அதாவது நெய்யாமல் அழுத்திச் செய்த கம்பளித் துணியில், தொடங்கும். அங்கே குளிர்காலம் உண்டு, வாங்க ஆள் உண்டு. இங்கே ஃபெல்ட் தொப்பியை மேடை நாடகத்துக்கும் புகைப்படத்துக்கும் தவிர யாரும் அதிகம் அணிவதில்லை. அலமாரியில் வைத்தால் அந்துப்பூச்சி அரிக்கும். ஃபெல்ட்டை மூன்றாம் கட்டத்துக்குத் தள்ளிவையுங்கள்.

இந்த ஊரில் கையால் செய்த தலையணிக்கு உண்மையான தேவை சில இடங்களில்தான் இருக்கிறது. காலையில் தித்திவங்சா ஏரிப் பூங்காவிலும் பினாங்குத் தாவரவியல் பூங்காவிலும் நடக்கிறவர்களுக்கு, துவைக்கக்கூடிய வெயில் தொப்பி. தேவாலயத் திருமணங்களுக்கும் விருந்துகளுக்கும், தலையில் சாய்த்துச் செருகும் சிறிய அலங்காரத் தொப்பி. கல்யாண மாப்பிள்ளைக்கு ரெடிமேட் தலைப்பாகை. மருத்துவ சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கு மென்மையான பருத்திக் குல்லா. கடைசியாகச் சொன்னதை லாபக் கணக்குக்கு அப்பாலும் கற்றுக்கொள்ளுங்கள். கடைகளில் கிடைக்கும் குல்லாக்களில் உள்தையல் தடித்திருக்கும்; முடியில்லாத தலையில் அது உறுத்தும். தையலை வெளிப்பக்கம் திருப்பிப் பட்டை வைத்து மூடித் தைத்தாலே பெரிய நிம்மதி கிடைக்கும்.

சொங்கோக், அதாவது மலாய் ஆண்கள் அணியும் வெல்வெட் தொப்பி, தனிக் கலை. வெல்வெட், கெட்டி அட்டை, பளபளப்பான உள்துணி என்று அடுக்கித் தைப்பது அது. ஜார்ஜ் டவுனில் அதைத் தமிழ் முஸ்லிம்கள் கையால் தைத்து வந்திருக்கிறார்கள். நோன்புப் பெருநாளுக்கு முந்தைய வாரங்களில் வேலை குவியும். புத்தகத்தைப் பார்த்து அதைக் கற்க முடியாது. தைக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். யாராவது கற்றுத்தர முன்வந்தால் விடாதீர்கள்.

தலையை அளப்பது

இஞ்சு டேப்பைப் புருவத்துக்கு மேலே நெற்றியின் நடுவில் வைத்து, காதுக்கு ஒரு செ.மீ. மேலாகக் கொண்டுபோய், பின்மண்டையில் புடைத்திருக்கும் இடத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவாருங்கள். டேப் தோலைத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. மூன்று முறை அளந்து, மூன்றில் பெரிய அளவை எடுங்கள். பெரியவர்களில் பலருக்கு 54 முதல் 60 செ.மீ. வரை வரும். 57 செ.மீ. என்பது அமெரிக்க அளவில் ஏழும் எட்டில் ஒன்றும், பிரிட்டிஷ் அளவில் 7. இணையத்தில் தொப்பி அச்சோ உள்பட்டையோ வாங்கும்போது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தவறான அளவில் பணத்தைப் போடுகிறவர்கள் நிறைய.

சுற்றளவு மட்டும் போதாது. தலை முட்டை வடிவம். சிலருக்கு நீள்முட்டை, சிலருக்குக் கிட்டத்தட்ட வட்டம். தொப்பி நெற்றியிலும் பின்னாலும் இறுக்கி, காதுப்பக்கம் இடைவெளி விட்டால் அது நீளத் தலை. சுற்றளவைப் பெரிதாக்கினால் தொப்பி ஆடும். வடிவத்தைத்தான் மாற்ற வேண்டும். வளையும் ஸ்கேலைத் தலையைச் சுற்றி வளைத்து, அப்படியே காகிதத்தில் வைத்து வரைந்துகொள்ளுங்கள்.

வாடிக்கையாளர் விழாவன்று கொண்டை போட்டுப் பூ வைப்பாரா, பின்னலா, முடியை விரித்துவிடுவாரா என்பதையும் எழுதி வையுங்கள். அளக்கும்போது தலைவாரி வந்தவர் விழாவன்று கொண்டையோடு வந்தால் தொப்பி இரண்டு விரல் மேலே நிற்கும்.

முதல் தொப்பி: துணியில் வாளித் தொப்பி

அச்சும் நீராவியும் இல்லாமல், ஒரு தையல் மிஷினை வைத்துத் தொப்பியின் உடற்கூறைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. உச்சி வட்டம், பக்கப்பட்டை, விளிம்பு என்று மூன்றே பாகம். கீழே உள்ள கணக்கு 57 செ.மீ. தலைக்கு, தொப்பியின் தையல் சுற்றளவு 58 செ.மீ.

துணி: நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி ட்வில், மெல்லிய கேன்வாஸ் அல்லது லினன். 110 செ.மீ. அகலத்தில் முக்கால் மீட்டர் எடுத்தால் வெளித்துணி, உள்துணி இரண்டுக்கும் வரும். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா வட்டாரத் துணிக்கடைகளிலும் பினாங்கில் லெபோ பாசார் பக்கத்திலும் துண்டுத் துணி மலிவாகக் கிடைக்கும். வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக ஒளி தெரிந்தால் வெயிலும் அதே வழியாக இறங்கும். இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் கேன்வாஸைக் கடையில் 'காயின் காம்' என்று கேளுங்கள். நடுத்தர வகை போதும்.

1. துணியை நனைத்து, காயவைத்து, இஸ்திரி போடுங்கள். பருத்தி 3 சதவீதம் சுருங்கினாலே 58 செ.மீ. தொப்பி 56-க்கும் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். முதல் துவைப்பிலேயே வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

2. உச்சி: தையல் கோட்டின் ஆரம் 9.2 செ.மீ. தையலுக்கு 1 செ.மீ. விட்டு 10.2-இல் வெட்டுங்கள். வெளித்துணியில் ஒன்று, உள்துணியில் ஒன்று. நான்கு கால்பகுதிகளையும் குறியிடுங்கள்.

3. பக்கப்பட்டை: 60 செ.மீ. நீளம், 11 செ.மீ. உயரம். இதுவும் இரண்டு. தைத்த பின் உயரம் 9 செ.மீ. நிற்கும்.

4. விளிம்பு: காகிதத்தில் ஒரே மையத்திலிருந்து இரண்டு வில் வரையுங்கள். உள்வில்லின் தையல் கோடு 13 செ.மீ. ஆரம், வெளிவில் 20 செ.மீ. கோணம் 256 டிகிரி. இப்படி வரைந்தால் உள்வில்லின் நீளம் 58 செ.மீ. வரும், விளிம்பு 7 செ.மீ. அகலத்தில் ஏறக்குறைய 45 டிகிரி சரிந்து நிற்கும். வெட்டும்போது உள்ளே 12, வெளியே 21 செ.மீ.; இரண்டு முனையிலும் 1 செ.மீ. கூட்டுங்கள். இரண்டு துண்டு தேவை.

5. ஒரு விளிம்புத் துண்டில் கேன்வாஸை ஒட்டுங்கள். தையலுக்கு விட்ட ஒரு செ.மீ. பகுதியில் கேன்வாஸ் இருக்கக் கூடாது. இருந்தால் மடிப்பு தடித்து நெற்றியில் தட்டும்.

6. பட்டையை வளையமாக மூட்டுங்கள். அதன் மேல் ஓரத்தில் 1.5 செ.மீ.க்கு ஒன்றாகச் சிறு வெட்டுகள் கொடுங்கள், ஒவ்வொன்றும் 7 மி.மீ. ஆழம். நேரான ஓரம் வட்டத்தைச் சுற்ற வேண்டுமென்றால் அது விரிய வேண்டும். பட்டை மேலே, வட்டம் கீழே வைத்து, கால்குறிகளைப் பொருத்தித் தையுங்கள். உள்துணிக்கும் இப்படியே.

7. விளிம்புத் துண்டுகள் இரண்டையும் தனித்தனியே வளையமாக மூட்டி, நல்ல பக்கங்கள் சேர வைத்து வெளி ஓரத்தைத் தையுங்கள். மிச்சத் துணியை 5 மி.மீ.க்குக் குறைத்துத் திருப்பி, இஸ்திரி போட்டு, 6 மி.மீ. இடைவெளியில் சுற்றுச்சுற்றாகத் தையல் ஓட்டுங்கள். எல்லாச் சுற்றும் ஒரே திசையில் போக வேண்டும். தையல் நீளம் 3 மி.மீ., ஊசி 14-ஆம் நம்பர்.

8. உள்துணி உச்சியை வெளி உச்சிக்குள் இறக்கி, கீழ் ஓரத்தை நூலோட்டி நிறுத்துங்கள். விளிம்பின் உள் ஓரத்தில் தையல் கோட்டுக்கு 2 மி.மீ. வெளியே, தையலுக்கு விட்ட துணியின் மேலேயே, ஒரு சுற்று தைத்துவிட்டுப் பிறகு சிறு வெட்டுகள் கொடுத்து உச்சியோடு சேருங்கள்.

9. வியர்வைப்பட்டை: 2.5 செ.மீ. அகலப் பருத்தி நாடா. அதன் மூட்டிய சுற்றளவு தலையளவைவிட அரை செ.மீ. மட்டும் கூடுதல், அதாவது 57.5. தொப்பியின் 58-ஐ இதற்குள் அடக்கித் தையுங்கள். தொப்பியின் உண்மையான அளவைப் பிடித்து வைப்பது இந்த நாடாதான். பாலியெஸ்டர் நாடா வியர்வையை உறிஞ்சாது, வழுக்கும், தொப்பி பின்னால் சரியும்.

விளிம்பின் அகலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆஸ்திரேலியப் புற்றுநோய் மன்றம் பெரியவர்களின் வாளித் தொப்பிக்குக் குறைந்தது 6 செ.மீ., அகல விளிம்புத் தொப்பிக்கு 7.5 செ.மீ. என்று சொல்கிறது. வெயில் தொப்பி என்று சொல்லி விற்கப்போகிறீர்கள் என்றால் அழகுக்காக இதற்குக் கீழே போகாதீர்கள்.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் குறிப்பிட்டவை. தொப்பி சிறிதாகிவிட்டது என்றால் முதலில் தையல் கோட்டைச் சந்தேகப்படுங்கள். உச்சி வட்டத்தில் தையல் 2 மி.மீ. உள்ளே நகர்ந்தாலே சுற்றளவில் ஒன்றேகால் செ.மீ. போய்விடும். விளிம்பு அலையலையாக நெளிந்தால், உள்வில்லில் கிராஸாக, அதாவது நூலோட்டத்துக்கு மூலைவாட்டில், வரும் பகுதி இழுபட்டிருக்கிறது. அல்லது ஒரு சுற்று வலமும் ஒரு சுற்று இடமுமாகத் தைத்திருக்கிறீர்கள். உச்சியில் சுருக்கம் விழுந்தால் வெட்டுகள் போதவில்லை. விளிம்பு ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் கேன்வாஸ் சரியாக ஒட்டவில்லை. இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்காமல், ஒரே இடத்தில் பத்துப் பன்னிரண்டு வினாடி அழுத்தி எடுத்து எடுத்து வைக்க வேண்டும்.

இதே தொப்பியை 55, 57, 59 மூன்று அளவிலும் திரும்பத் திரும்பத் தையுங்கள். மூன்றும் அளவு தப்பாமல் வந்த பிறகு அச்சுக்குப் போகலாம்.

அச்சு

அச்சு என்பது தலை வடிவில் கடைந்த மரம். அதன் மேல் ஈரமான பொருளை இழுத்துக் கட்டிக் காயவைத்தால் வடிவம் பிடிக்கும். இறக்குமதி மர அச்சுகள் விலை கூடியவை. இங்குள்ள மரவேலைக்காரர்களிடம் ஜெலுத்தோங் மரத்தில் கடைந்து வாங்கலாம். அது மென்மையான, நார் நேராக ஓடும் மரம். குண்டூசி இறங்கும், பிடிக்கும். செங்கால் போன்ற கெட்டி மரத்தை வாங்கிவிட்டால் ஊசி வளையும். 57 செ.மீ. சுற்றளவுக்கு முன்பின் நீளம் ஏறக்குறைய 19.7, குறுக்ககலம் 16.5 செ.மீ. உள்பட்டையின் தடிமன் கொஞ்சம் இடம் தின்னும் என்பதால் அச்சை அரை முதல் ஒரு செ.மீ. கூடுதலாகவே செய்யச் சொல்லுங்கள். அடியில் விரல் நுழையும் ஒரு துளை இருந்தால் காய்ந்த தொப்பியைக் கழற்றச் சுலபம்.

தெர்மோகோல் தலை மலிவு, பழகுவதற்குப் போதும். ஆனால் சுடுநீராவியை நெருக்கிக் காட்டினால் சுருங்கும். சில கெட்டிப்படுத்தும் திரவங்கள் அதைக் கரைத்தும்விடும்.

சினமாயில் தொப்பி

சினமாய் என்பது அபாகா வாழை நாரில் பிலிப்பைன்ஸில் நெய்யப்படும் கண்ணறைத் துணி. ஈரமானால் இளகி, காய்ந்தால் விறைக்கும். ஏற்கெனவே கஞ்சி ஏற்றித்தான் வரும். எடையில்லாத, காற்று நுழையும் பொருள் என்பதால் இந்த ஊர் விழாக்களுக்கு மிகப் பொருத்தம்.

உச்சிக்கு அச்சின் ஒரு கீழ் ஓரத்திலிருந்து உச்சி வழியாக மறு ஓரம் வரை அளந்து, அதோடு 15 செ.மீ. சேர்த்துச் சதுரமாக வெட்டுங்கள். இரண்டு அடுக்கு வேண்டும். இரண்டாவதை 45 டிகிரி திருப்பி வைத்தால் எல்லாப் பக்கமும் ஒரேமாதிரி வலு கிடைக்கும். அச்சின் மேல் சமையலறைப் பிளாஸ்டிக் தாளைச் சுற்றிவிடுங்கள். இல்லையென்றால் கஞ்சி மரத்தில் ஒட்டிக்கொள்ளும். துணியில் தண்ணீர் தெளித்து இரண்டு நிமிடம் ஊறவிட்டு, அச்சின் மேல் போட்டு, முதலில் முன், பின், வலம், இடம் என நான்கு ஊசி. பிறகு இடையிடையே. கிராஸாக வரும் மூலைகளை நன்றாக இழுங்கள், சுருக்கம் அங்கேதான் கரையும். நேர்நூல் திசையில் இழுத்துப் பயனில்லை. அது நீளாது, கண் மட்டும் கோணும். அடியில் கயிறு கட்டி, கயிற்றுக்குக் கீழே உள்ள துணியைப் பிடித்து மறுபடி இழுத்துவிடுங்கள்.

ஊசிகள் துருப்பிடிக்காதவையாக இருக்கட்டும். ஈரத்தில் ஒரு ராத்திரி நிற்கும் சாதாரண எஃகு ஊசி, வெளிர்நிறச் சினமாயில் பழுப்புப் புள்ளி வைக்கும். அது போகவே போகாது.

ஐரோப்பியக் குறிப்புகளில் 'ஒரு இரவு காயவிடவும்' என்றிருக்கும். இங்கே மழைநாளில் அது நடக்காது. மின்விசிறிக்கு முன்னால் 24 மணி நேரம், மழைக்காலத்தில் 48 மணி நேரம். தொட்டால் குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது. அவசரப்பட்டுக் கழற்றினால் மாலைக்குள் உச்சி அமுங்கும்.

கெட்டிப்படுத்த, வெள்ளைப் பி.வி.ஏ. பசை ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து தூரிகையால் மெல்லப் பூசுங்கள். தடிப்பாக ஒரு பூச்சைவிட மெல்லியதாக இரண்டு மேல். தடித்த பசை கண்களை அடைத்துப் பளபளக்கும். ஈரக்காற்றில் பிசுபிசுக்கவும் செய்யும். அரக்குக் கரைசல் இன்னும் உறுதி தரும், ஆனால் ஈரமான நாளில் பூசினால் வெண்படலம் பூக்கும். வெயில் நாளில், சன்னலைத் திறந்துவைத்து, அடுப்பங்கரையிலிருந்து தள்ளி வேலை செய்யுங்கள். அதில் உள்ள ஆல்கஹால் தீப்பற்றும்.

விளிம்பு ஓரத்துக்கு, நூல் சுற்றிய தொப்பிக் கம்பி. சுமார் 1 மி.மீ. தடிமன், சுற்றளவோடு 5 செ.மீ. கூடுதல். சுருளிலிருந்து எடுத்த கம்பிக்கு அதன் சொந்த வளைவு இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருவி உருவி, மேசையில் தட்டையாகப் படுக்கும்வரை அந்த வளைவை எடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் தைத்தால் விளிம்பு முறுக்கிக்கொள்ளும், எத்தனை முறை நீராவி காட்டினாலும் திரும்ப முறுக்கும். கம்பியின் மூட்டு தொப்பியின் பின்பக்கம் வரட்டும். இரண்டு நுனியையும் நாடாவால் மூடுங்கள். காஜா எடுப்பதுபோல ஒரு செ.மீ.க்கு ஒரு தையல். பிறகு கிராஸாக வெட்டிய சினமாய்ப் பட்டையால் ஓரத்தை மூடுங்கள்.

இந்த வேலைக்கு நீளமான மெல்லிய ஊசி வேண்டும். கடைகளில் மில்லினர் ஊசி என்று தனியாகவே விற்கிறார்கள். விரலுறை இல்லாமல் கம்பித் தையலில் இறங்காதீர்கள்.

உள்பட்டைக்குப் பீட்டர்ஷாம் ரிப்பன் வாங்குங்கள். அதன் ஓரம் நுண்ணிய பற்களாக இருக்கும். நீராவி இஸ்திரியில் வளைந்து தலையின் சரிவுக்கு ஒத்துப்போகும். பார்வைக்கு அதுபோலவே இருக்கும் நேரோரப் பாலியெஸ்டர் ரிப்பன் வளையாது, மேல் ஓரம் விலகி நிற்கும்.

தலைப்பாகைக்கும் இதே அறிவு பயன்படும். உள்ளே விறைப்பான குல்லா, அதன் மேல் பட்டு மடிப்புகள். ஜரிகை நெற்றியில் நேராகப் பட்டால் மாப்பிள்ளைக்குச் சிவந்துபோகும். மண்டபச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் அணிய வேண்டியது அது. பருத்தி உள்பட்டை இல்லாமல் கொடுக்காதீர்கள்.

வைத்திருப்பது

ஓலை, நார், துணி எல்லாவற்றுக்கும் இங்கே எதிரி பூஞ்சை. முழுக்கக் காயாத தொப்பியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் சில நாளில் சாம்பல் புள்ளி தெரியும். அட்டைப் பெட்டியில் துளையிட்டு, உள்ளே அமிலமில்லாத மெல்லிய தாளை உருட்டி உச்சிக்குக் கொடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்றுவது என்று தெரியும். விளிம்பைத் தரையில் அழுத்தி வைக்காமல், தொப்பியைத் தலைகீழாக உச்சியில் நிறுத்துங்கள்.

விலையும் விற்பனையும்

விலையைப் பக்கத்துக் கடையைப் பார்த்து வைத்தால் நட்டம். தொழிற்சாலைத் தொப்பியோடு போட்டியிட உங்களால் முடியாது, தேவையும் இல்லை. ஒரு மாதிரிக் கணக்கு: சினமாய்த் தொப்பிக்குப் பொருள் 38 வெள்ளி (ரிங்கிட்), வேலை 5 மணி நேரம், மணிக்கு 15 வெள்ளி என 75. சேர்த்து 113. மின்சாரம், ஊசி, போக்குவரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் 124 வெள்ளி 30 காசு. அதன் மேல் இருபது சதவீதம் லாபம் வைத்தால் 149 வெள்ளி. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆனது. வாரம் 45 மணி நேரம் என்று வகுத்தால் மணிக்கு ஏறக்குறைய 8 வெள்ளி 70 காசு. உங்கள் கைவேலைக்கு அதற்குக் கீழே போட்டுக்கொள்ளாதீர்கள். காயவைக்கும் நேரத்தை வேலை நேரமாகக் கணக்கிட வேண்டாம். அளவெடுப்பதையும் வாட்சப்பில் பேசித் தீர்ப்பதையும் கட்டாயம் கணக்கிடுங்கள்.

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் மலேசிய நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. அரசின் சிறுதொழில் கடன் அமைப்பான டெக்குன் நிறுவனத்தின் ஸ்பூமி கடன் இந்தியச் சிறுதொழில் செய்வோருக்கானது. ஆனால் முதல் ஆண்டில் கடன் எதற்கு? ஒரு தையல் மிஷின், ஒரு நீராவி இஸ்திரி, ஒரு அச்சு போதும்.

பினாங்கு ஹின் பஸ் டிப்போ ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் கடை போடும்போது 55, 57, 59 அளவுகளில் சரக்கு, ஒரு முகக்கண்ணாடி, இஞ்சு டேப், அளவு குறைக்கும் ஸ்பாஞ்சுப் பட்டை நான்கும் கையில் இருக்கட்டும். அந்த ஸ்பாஞ்சை வியர்வைப்பட்டைக்குப் பின்னால் செருகினால் அரை செ.மீ. வரை குறையும், போக இருந்த விற்பனை அங்கேயே நடக்கும். படம் எடுக்கும்போது தொப்பியை மேசையில் வைத்து எடுக்காமல் ஒரு தலையில் வைத்து, முன், பக்கம், உள்பட்டை என்று மூன்று கோணம் எடுங்கள். உள்பட்டைப் படத்தைப் பார்த்து வாங்குகிறவர்தான் திரும்பவும் வருவார்.

ஆர்டருக்குப் பாதிப் பணம் முன்பணம் வாங்குங்கள். சினமாயை ஒருமுறை வெட்டிவிட்டால் வேறொருவருக்கு உதவாது. விழாவுக்குப் பத்து நாள் முன்பு ஒருமுறை தலையில் வைத்துப் பார்க்க அழையுங்கள், உடுத்தப்போகும் சேலையோடோ ஜிப்பாவோடோ. அலங்காரப் பூவையும் இறகையும் அதற்கு முன்பு தைக்காமல் ஊசியில் குத்தி மட்டும் வையுங்கள். கண்ணாடிக்கு முன்னால் நின்றதும் பாதிப் பேர் அதை இடம் மாற்றச் சொல்வார்கள்.